விரதம் பெரிதா, வாய்மை பெரிதா?



ஆனித் திங்கள் பிறந்துவிட்டால் நம் சாவகர் இல்லங்கள் பலவற்றில் ஒரே காட்சியைக் காணலாம். பன்னிரண்டாம் வகுப்பில் தேறிய பிள்ளை கல்லூரி விடுதிக்குப் புறப்பட்டுக்கொண்டிருக்கும். கூடத்தில் ஒரு பெட்டி திறந்திருக்கும். புதிய துணிமணிகள், சான்றிதழ்க் கட்டு, பூண்டு சேராத பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், தண்ணீர் வடிகட்டும் வெள்ளைத் துணி, கைக்கடக்கமான ஜினபகவான் படம் ஆகியவற்றை அன்னை ஒவ்வொன்றாக அடுக்குவாள். அடுக்கும்போதே அறிவுரையும் நடக்கும். "பொழுதோடு சாப்பிட்டுவிடு. கிழங்கு வகைகளைத் தொடாதே. காலையில் பஞ்ச நமஸ்காரம் சொல்லாமல் வெளியே கிளம்பாதே." பிள்ளையும் எல்லாவற்றுக்கும் தலையசைக்கும்.

முப்பத்தெட்டு ஆண்டுகள் பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்று, இன்று எழுபதைக் கடந்துவிட்ட நாம் இக்காட்சியைப் பலமுறை கண்டிருக்கிறோம். அப்போதெல்லாம் ஒன்று தோன்றும். அந்தப் பெட்டியில் எல்லாம் இருக்கின்றன. ஒரு வினாவுக்கான விடை மட்டும் இல்லை. 'இவற்றைக் காக்க இயலாத நாள் ஒன்று வந்தால் யாது செய்வது?' என்பதே அவ்வினா. வீட்டில் எவரும் அதைக் கேட்பதில்லை. கேட்டால் அந்நாள் வந்துவிடுமோ என்று அஞ்சுகிறோம். ஆனால் அந்நாள் கேட்காமலே வருகிறது. வரும்போது பிள்ளை தனியாக நிற்கிறது.

அவ்வினாவுக்கு நாமே நம் பதினெட்டாம் வயதில் தவறான விடை ஒன்றைச் சொன்னோம். பிறருக்கு அறிவுரை கூறுமுன் அதனைக் கூறிவிடுவதே முறை.

விடுதியில் சொன்ன பொய்

1968ஆம் ஆண்டு. வந்தவாசி வட்டத்துச் சிற்றூரிலிருந்து ஆசிரியைப் பயிற்சிக்காக வெளியூர் சென்று விடுதியில் சேர்ந்தோம். அதுவரை சமணர் அல்லாதார் வீட்டில் ஓர் இரவும் தங்கியதில்லை. விடுதியில் இரவு உணவுக்கு ஏழரை மணிக்கு மணி அடிப்பார்கள். முதல் நாள் மணி அடித்ததும் எல்லோரும் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தனர். நாம் பாயிலேயே அமர்ந்திருந்தோம். பக்கத்துப் பாய்க்குரிய பெண், "சாப்பிட வரவில்லையா?" என்று கேட்டாள்.

'எங்கள் வீட்டில் இரவில் உண்பதில்லை' என்று நான்கு சொற்களில் விடை சொல்லியிருக்கலாம். நாக்கு எழவில்லை. ஏன் என்று கேட்பாள். சமணம் என்றால் என்ன என்று கேட்பாள். அறை முழுவதும் கூடி நின்று சிரிக்கும் என்ற அச்சம். "வயிற்றுவலி" என்று சொல்லிவிட்டோம்.

ஒரு பொய் தனியாக நிற்பதில்லை என்பதை அந்த வாரத்தில் கற்றோம். மறுநாளும் வயிற்றுவலி. அதற்கு மறுநாள் தலைவலி. பிறகு மீண்டும் வயிற்றுவலி. விடுதிக் காப்பாளர் அம்மையார் மருந்து வாங்கித் தந்தார். அதைக் குளியலறைச் சாக்கடையில் ஊற்றினோம். பகலில் நன்றாக உண்டு, ஓடியாடி, இரவில் மட்டும் நோயாளியாகும் வித்தையில் பத்து நாட்கள் தேர்ச்சி பெற்றோம். 'நம் விரதம் கெடவில்லை' என்ற உள்ளூரப் பெருமை வேறு!

அடுத்த வெள்ளிக்கிழமை காலை உணவுக்கு அந்தப் பக்கத்துப் பாய்த் தோழி வரவில்லை. நண்பகலிலும் வரவில்லை. ஏன் என்று கேட்டோம். "உன் வயிற்றுவலி தீரவேண்டும் என்று எங்கள் ஊர் அம்மனுக்கு நேர்ந்துகொண்டேன். மூன்று வெள்ளிக்கிழமை ஒன்றும் சாப்பிடமாட்டேன்" என்றாள். அவள் மெலிந்த பெண். விடுதி உணவைத் தவிர வேறு தின்பண்டம் வாங்க அவளிடம் காசு இருந்ததில்லை.

அன்று நம் நிலையை எப்படிச் சொல்வது! உயிர்களுக்கு ஊறு நேரக்கூடாது என்பதற்காகவே இரவுண்ணாமையை முன்னோர் விதித்தனர். விளக்கொளியில் கண்ணுக்குப் புலப்படாத சிற்றுயிர்கள் உணவில் விழுந்து மாயும் என்பது அதன் காரணம். அந்தச் சிற்றுயிர்களைக் காத்த நாம், நம்மருகே படுத்திருந்த ஒரு பெண்ணைப் பொய்யால் பட்டினி போட்டுவிட்டோம். இரவுண்ணாமையைக் காத்தோம், பொய்யாமையைக் கைவிட்டோம், கொல்லாமையின் உட்பொருளையே மறந்தோம்.

அன்று மாலையே அவளிடம் உண்மையைச் சொன்னோம். அவள் சினக்கவில்லை. ஆனால் இரண்டு நாட்கள் எம்மோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவள் கூறியது இன்றும் காதில் ஒலிக்கிறது. "நீ ராத்திரி சாப்பிடமாட்டாய் என்று சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். ஒரு நாள் சிரித்துவிட்டு மறந்திருப்பேன். இதை எப்படி மறப்பது?"

அவள் சொன்னது முழுவதும் உண்மை. அறையில் உள்ளோர் சிரிக்கத்தான் செய்தனர். சரியாக ஒரு நாள் சிரித்தனர். பிறகு சமையற்கட்டில் சொல்லி, மாலை ஐந்தரை மணிக்கே நமக்கென ஒரு தட்டில் சோற்றை எடுத்து மூடி வைக்க ஏற்பாடு செய்தவளும் அதே தோழிதான். பயிற்சி முடியும் வரை அந்த ஏற்பாடு நீடித்தது.

எது பெரிது?

இப்போது தலைப்பிலுள்ள வினாவுக்கு வருவோம். விரதம் பெரிதா, வாய்மை பெரிதா?

கேள்வியிலேயே ஒரு பிழை உண்டு. வாய்மை விரதத்திற்கு வெளியே நிற்கும் வேறொரு பொருளன்று. சாவகர்க்குரிய அணுவிரதங்கள் ஐந்தனுள் கொல்லாமைக்கு அடுத்து நிற்பது பொய்யாமை. எனவே பொய் சொல்லி விரதம் காத்தோம் என்பது, ஒரு கையால் கட்டிய சுவரை மறு கையால் இடிப்பதேயாகும். ஆனால் நடைமுறையில் நாம் அனைவரும் இவ்விரண்டையும் பிரித்துவிட்டோம். உணவு பற்றிய நியமங்களைச் 'சமயம்' என்றும், உண்மை பேசுவதைப் 'பொதுவான நல்லொழுக்கம்' என்றும் எண்ணிக்கொண்டோம். பிள்ளை இரவில் உண்டால் வீடு பதறுகிறது. பிள்ளை ஒரு சிறு பொய் சொன்னால் வீடு சிரித்துக்கொள்கிறது.

இதனால் விளையும் கேட்டை நம் பேத்தியிடம் கண்டோம். அவள் சென்னையில் பொறியியல் பயில்கிறாள். செய்முறை வகுப்பு முடிய மாலை ஐந்தரை ஆகிவிடும். விடுதியை அடையும்போது பொழுது சாய்ந்திருக்கும். முதல் மாதம் பழமும் அவலும் உண்டு சமாளித்தாள். ஒருநாள் வகுப்பிலேயே தலைசுற்றி அமர்ந்துவிட்டாள். அன்றிரவு விடுதியில் உண்டாள். பிறகு நாள்தோறும் உண்டாள். அவள் அன்னையோ ஒவ்வோர் இரவும் கைப்பேசியில் அழைத்து, "பொழுதோடு சாப்பிட்டாயா?" என்று கேட்பாள். "சாப்பிட்டேன் அம்மா" என்பாள் அவள். ஆறு திங்கள் இவ்வாறு கழிந்தன.

விடுமுறைக்கு வந்தபோது ஒரு மாலை, அவளை நாம் உண்ண அழைத்தோம். சூரியன் சாயுமுன் பரபரத்துச் சோறு போடும் நம் கைகளைப் பார்த்து அழுதுவிட்டாள். "பாட்டி, அங்கே நான் ராத்திரியில்தான் சாப்பிடுகிறேன். அம்மாவிடம் பொய் சொல்கிறேன். சாப்பாட்டைவிட அந்தப் பொய்தான் தொண்டையில் நிற்கிறது" என்றாள்.

எவ்வளவு வியப்பு! நாம் விரதத்தைக் காக்க வெளியாரிடம் பொய் சொன்னோம். அவள் விரதம் தவறியதை மறைக்க வீட்டாரிடம் பொய் சொன்னாள். திசைதான் வேறு, பொய் ஒன்றே. இரண்டுக்கும் வேர் அச்சமே. 'உள்ளபடி இருந்தால் ஏற்கமாட்டார்கள்' என்ற அச்சம்.

அளவோடு ஏற்றலும் முறையே

பேத்திக்கு நாம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறோம்.

நம் முன்னோர் வாழ்க்கையை அறியாதவர்கள் அல்லர். இல்லறத்தார்க்கு விதித்த விரதங்களுக்கே 'அணு' என்னும் அடைமொழி கொடுத்தனர். துறவியின் மாவிரதம் வேறு. இல்லறத்தானின் சிறுவிரதம் வேறு. அதனினும் நுட்பமாக, சமந்தபத்திர ஆசாரியர் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இயமம், நியமம் என இரண்டைப் பிரித்துக் காட்டுகிறார். வாழ்நாள் முழுமைக்கும் ஏற்பது இயமம். கால அளவு குறித்து ஏற்பது நியமம். ஒருநாளுக்கோ, ஒரு பக்கத்திற்கோ, ஒரு திங்களுக்கோ என்று வரையறுத்து ஏற்பதும் முறையான ஏற்பேயாகும்.

இதன் பொருள் என்ன? இயலாத ஒன்றை இயன்றதாகக் காட்டி நடிப்பதை விட, இயன்றதை அளந்து ஏற்று உண்மையாகக் காப்பது மேல். பேத்தி ஒரு வாரம் எண்ணிப் பார்த்தாள். அட்டமி, சதுர்த்தசி நாட்களில் இரவுண்ணாமை காப்பதாக அவளே முடிவு செய்தாள். திங்களில் நான்கு நாட்கள். முன்கூட்டியே நாள்காட்டியில் குறித்துக்கொண்டு, அந்நாட்களில் நண்பகலிலேயே மாலைக்குரிய உணவையும் எடுத்து வைத்துக்கொள்கிறாள். அன்னைக்கு முதலில் வருத்தமே. "முப்பது நாளும் காத்த பிள்ளை நான்கு நாளுக்கு இறங்கிவிட்டதே" என்றாள். "முப்பது நாளும் காத்தது நீ. இந்த நான்கு நாளும் அவள் காப்பது" என்றோம்.

இங்கே ஒரு மறுப்பு எழும். பெரியவர் சிலர் நம்மிடமே கேட்டதுண்டு: 'இப்படி ஒவ்வொருவரும் தமக்கு வசதியானபடி குறைத்துக்கொண்டே போனால் இறுதியில் என்ன மிஞ்சும்?' நியாயமான கேள்வி. 'உண்மையைச் சொல்லிவிட்டேன், இனி எதையும் செய்வேன்' என்று எண்ணுவது நேர்மையன்று. அது சோம்பலுக்கு அணிவித்த நேர்மை வேடம். நியமத்திற்குக் கால எல்லை உண்டு. எல்லை வந்தவுடன் அதனை மீண்டும் அளந்து பார்க்கவேண்டும். கூட்ட இயலுமா என்று கேட்கவேண்டும். பருவம் முடிந்து விடுமுறையில் வீட்டிலிருக்கும்போது முழுமையாகக் காக்கலாமன்றோ? ஆகவே குறைத்தல் நம் கருத்தன்று. பெற்றோருக்குரியதாக இருந்த ஒழுக்கம் பிள்ளைக்குரியதாக மாறவேண்டும் என்பதே கருத்து. அம்மாற்றம் வீட்டை விட்டு வெளியே சென்ற பிறகே நிகழமுடியும். வீட்டில் இருக்கும்வரை அன்னை சமைத்த நேரத்தில் உண்டோம். அதில் நம் தேர்வு ஏதுமில்லை. விடுதியில்தான் முதன்முறையாக 'இதை நான் ஏன் செய்கிறேன்?' என்ற கேள்வி எழுகிறது. அக்கேள்வி எழுவதால் தீங்கில்லை. அங்கேதான் உங்கள் சமயம் தொடங்குகிறது.

கேள்விக்கு அஞ்ச வேண்டா

நற்காட்சிக்குரிய எட்டு உறுப்புகளுள் முதலாவது ஐயமின்மை. இதனைக் காட்டிப் பிள்ளைகளின் வாயை அடைப்பவர் உண்டு. ஐயமின்மை என்பது கேள்வியின்மை அன்று. நம் ஸ்ரீபுராணம் எவ்வாறு அமைந்தது என்று எண்ணிப் பாருங்கள். சிரேணிக மன்னன் வினவுகிறான். கௌதம கணதரர் விடையிறுக்கிறார். கேள்வி இல்லையேல் அப்புராணமே இல்லை. கேட்டுத் தெளிந்தபின் வருவதே ஐயமின்மை. கேளாமல் இருப்பதற்குப் பெயர் அசதி.

1968இல் அத்தோழி, "சரி, ஏன் ராத்திரி சாப்பிடக்கூடாது?" என்று கேட்டபோது, நமக்கு விடை தெரியவில்லை என்பதே உண்மை. 'எங்கள் வீட்டில் அப்படித்தான்' என்றோம். அவள் விடவில்லை. அந்த விடுமுறைக்கு ஊருக்குச் சென்றதும் தகப்பனாரிடம் கேட்டோம்; அவர் அறிந்தவற்றைச் சொன்னார்; அறியாதவற்றைப் படித்த பெரியவர் ஒருவரிடம் அழைத்துச் சென்று கேட்கச் செய்தார். திரும்பிவந்து தோழிக்கு விளக்கினோம். பதினெட்டு ஆண்டுகள் சமணராக வாழ்ந்தும், சமணத்தைப் பற்றி நாம் முதன்முதலாகக் கற்றது ஓர் அயலாள் கேட்ட கேள்வியினால்தான்.

இதில் வியப்பில்லை. நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர் நம் சமயத்துச் சான்றோர். அந்நூலின் பொதுப்பாயிரத்தில் கல்வி எவ்வாறு நிறைவுறும் என்பதற்கு அவர் ஒரு கணக்குத் தருகிறார். ஆசிரியர் சொன்னதை நன்கு கொண்டாலும் கிட்டுவது காற்பங்கே. உடன் பயில்வோரோடு பழகிக் கற்பது மற்றொரு காற்பங்கு. எஞ்சிய அரைப்பங்கு, கற்றதைப் பிறர்க்குச் செவ்வையாக எடுத்துரைக்கும்போதே வந்து சேர்கிறது. வகுப்பறையில் முப்பத்தெட்டு ஆண்டுகள் நின்ற நாம் இக்கணக்கு மிகச் சரியானது என்று உறுதி கூறுவோம்.

கல்லூரிப் பாடத்திற்கும் இதுவே வழி. விரிவுரையை எழுதிக்கொண்டு வருவதோடு நின்றால் காற்பங்கோடு நின்றீர்கள். அன்றிரவே இரண்டு மூன்று தோழர்களோடு அமர்ந்து பேசுங்கள். பாடம் புரியாத தோழனுக்கு நீங்கள் விளக்குங்கள். விளக்கும்போது எங்கே தடுமாறுகிறீர்களோ, அங்கேதான் உங்களுக்குப் புரியவில்லை என்று அறியுங்கள். குறிப்பாகத் தமிழ்வழியில் பயின்று ஆங்கிலவழிக் கல்லூரியில் சேரும் பிள்ளைகள் முதல் பருவத்தில் மனம் தளர்ந்துவிடுகின்றனர். பொருள் புரியாமல் தலையசைத்துவிட்டு அறைக்கு வந்து அழுகின்றனர். 'புரியவில்லை' என்று வாய்விட்டுச் சொல்வதும் வாய்மையே. புரிந்ததுபோல் நடிப்பது, இல்லாத வயிற்றுவலியைப் போன்ற மற்றொரு பொய். அப்பாடத்தை முதலில் தமிழில் உங்களுக்கு நீங்களே சொல்லிப் பாருங்கள். பொருள் பிடிபட்டால் மொழி பின்னால் வரும்.

தம்மை இன்னார் என்று சொல்ல நாணுவோருக்கு இன்னொன்றையும் நினைவூட்டுவோம். 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராயிருந்தவர் உ.வே. சாமிநாதையர். சேலம் இராமசுவாமி முதலியார் அவரைச் சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று வினவினார். படித்ததில்லை. அந்நூலுள் புகுந்தபோது சமணக் கோட்பாடுகள் விளங்கவில்லை. சைவரான அப்பெரியார், 'விளங்கவில்லை' என்று ஒப்பி, அவ்வூர்ச் சமண இல்லங்களை நாடிச் சென்று கேட்டுத் தெளிந்தார். 1887இல் சிந்தாமணி அச்சேறியது. அந்த இல்லத்தார் கல்லூரியில் பட்டம் பெற்றவர்கள் அல்லர். தலைமுறை தலைமுறையாகத் தம் நூலைப் படித்தும் கேட்டும் வந்தவர்கள். 'நம் நூலைப் பற்றி வெளியாரிடம் என்ன பேச்சு' என்று அவர்கள் ஒதுங்கியிருந்தால், நாணி மறைத்திருந்தால், தமிழுக்கு எத்துணை இழப்பு! அறியாமையை ஒப்பிய ஆசிரியரின் வாய்மையும், அறிந்ததை மறைக்காத சாவகரின் வாய்மையும் கூடியதால் ஒரு காப்பியம் உலகிற்குக் கிடைத்தது.

உண்கலத்திற்கு அப்பால்

விடுதியில் உங்கள் அருகமர்ந்து புலால் உண்பவர் இருப்பார். முகம் சுளிக்காதீர்கள். எட்டு உறுப்புகளுள் உவர்ப்பின்மையும் ஒன்று. அருவருப்புக் கொள்ளாமை என்பது அதன் பொருள். உங்கள் தட்டில் என்ன இருக்கவேண்டும் என்பது உங்கள் விரதம். அடுத்தவர் தட்டை வைத்து அவரை எடைபோடுவது விரதமன்று, செருக்கு. நமக்காக மூன்று வெள்ளிக்கிழமை நோன்பு நேர்ந்துகொண்ட தோழி புலால் உண்பவள்தான். அவள் உள்ளத்தில் இருந்த அருள் அந்நாளில் நம் உள்ளத்தில் இல்லை.

மேலும் அறம் உண்கலத்தோடு முடிவதன்று. மனம், மொழி, மெய் மூன்றாலும், தான் செய்தல், பிறரைச் செய்வித்தல், செய்வாரோடு உடன்படுதல் என்னும் மூவகையாலும், ஒன்பது வழிகளில் வினை வந்து சேரும் என்பது நம் ஆகமம். இதனைக் கல்லூரியில் பொருத்திப் பாருங்கள். வராத தோழனுக்காக வருகைப் பதிவில் குரல் கொடுப்பது பொய்யாமைக்கு இழுக்கு. பிறர் எழுதிய ஆய்வேட்டைத் தன் பெயரில் கொடுப்பது கள்ளாமைக்கு இழுக்கு. மூத்த மாணவர் சிலர் புதிய மாணவனைச் சூழ்ந்து இழிவுசெய்யும்போது, நாம் கை வைக்கவில்லை என்று ஓரமாக நின்று சிரிப்பது கொல்லாமைக்கு இழுக்கு. அச்சிரிப்பே உடன்படுதல்.

ராகிங் எனப்படும் இக்கொடுமையைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1997லேயே தனிச் சட்டம் இயற்றப்பட்டது. பல்கலைக்கழக மானியக் குழு 2009இல் விதிமுறைகளை வகுத்தது. உங்களுக்கு நேர்ந்தாலும், பிறர்க்கு நேர்வதைக் கண்டாலும் மறைக்காமல் விடுதிக் காப்பாளரிடமும் வீட்டிலும் சொல்லுங்கள். பொறுமை நற்பண்பே. ஆனால் பிறனொருவன் வதைபடும்போது காக்கும் மௌனத்திற்குப் பொறுமை என்ற பெயர் பொருந்தாது.

பெற்றோர்க்கு

இறுதியாகப் பெற்றோரிடம் சில சொற்கள்.

பெண்பிள்ளையை விடுதியில் விடுவதா என்று இன்றும் தயங்குவோர் நம்மிடையே உண்டு. நம் மரபுக்கு அது புதிதன்று. வந்தவாசிக்கு அருகிலுள்ள வேடலில் ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த, ஆதித்த சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உள்ளது. கனகவீரக் குரத்தியார் என்னும் அம்மையாரையும் அவரிடம் பயின்ற மாணவியர் ஐந்நூறு பேரையும் அது குறிக்கிறது. அங்கிருந்த தவசியர் நானூற்றுவருக்கும் இவர்களுக்கும் பிணக்கு நேர்ந்ததையும், மாணவியரைக் காத்து உணவளிக்கும் பொறுப்பை ஊரார் ஏற்றதையும் அதில் காண்கிறோம். பலர் கூடி வாழும் இடத்தில் பிணக்கு அன்றும் இருந்தது. பிணக்கு நேர்ந்ததும் ஊரார் 'பள்ளியை மூடிவிட்டு வீட்டுக்கு வாருங்கள்' என்று சொல்லவில்லை. காப்போம், ஊட்டுவோம் என்றனர். பெரியவர்களின் கடமை அதுவே.

காத்தல் என்பது வேவு பார்த்தல் அன்று. நாள்தோறும் "பொழுதோடு சாப்பிட்டாயா?" என்று மட்டும் கேட்டால், "சாப்பிட்டேன்" என்ற ஒரே விடையைத்தான் பிள்ளை கற்றுக்கொள்ளும். "இன்று எப்படி இருந்தது?" என்று கேளுங்கள். "இயலாமற்போன நாளில் என்னிடம் சொல், சினக்கமாட்டேன்" என்று புறப்படும்போதே சொல்லி அனுப்புங்கள். சொன்னபடி, சொல்லும் நாளில் சினவாதிருங்கள். இரண்டாவது கடினமானது. ஆனால் முதலாவது இரண்டாவதன்றி வெறும் பேச்சு.

நற்காட்சியின் உறுப்புகளுள் நிலைநிறுத்தலும் ஒன்று; வழுவினாரை மீண்டும் வழியில் நிறுத்துதல். அதற்கு எடுத்துக்காட்டாக வாரிசேண முனிவரைச் சொல்வர். உடன் துறவு பூண்ட நண்பர் புட்பதாலருக்கு உள்ளம் இல்லாளிடமே சென்றுகொண்டிருந்தது. வாரிசேணர் அவரை வைது விரட்டவில்லை. தாம் துறந்துவந்த அரண்மனைக்கே அழைத்துச் சென்று, தாம் விட்டவை எவை என்று கண்முன் காட்டினார். நண்பர் உள்ளம் தெளிந்து உறுதி பெற்றார். வழுவியவரோடு உடன் நடந்து செல்வதே நிலைநிறுத்தல் என்பதை இக்கதை காட்டுகிறது. வழுவிய பிள்ளையைத் தள்ளி வைத்தால் அது வழுவியதை மறைக்கக் கற்கும். பிறகு நிலைநிறுத்த அங்கே எவரும் இருக்கமாட்டார்.

செல்வங்களே, உங்கள் பெட்டியில் நாம் வைக்க விரும்பும் விடை இவ்வளவுதான். இயன்றதை அளந்து ஏற்றுக்கொள்ளுங்கள். ஏற்றதைச் சொல்ல நாணாதீர்கள். வழுவினால் மறைக்காதீர்கள், படுக்குமுன் ஒரு நாழிகை அமர்ந்து அன்றைய நாளைத் திரும்பிப் பாருங்கள். பிரதிக்கிரமணம் என்று நம் பெரியோர் அதனையே சொன்னார்கள். மறுநாள் மீண்டும் தொடங்குங்கள்.

பேத்தி நேற்று மாலை அழைத்தாள். "பாட்டி, இன்றைக்குச் சதுர்த்தசி. ஆனால் தேர்வு முடிய நேரமாகிவிட்டது. பழம் மட்டும்தான் கிடைத்தது. பசிக்கிறது" என்றாள். 'சரி, இன்று உண்டுவிடு' என்று சொல்ல நாவெழுந்தது. அடக்கிக்கொண்டு, "என்ன செய்யப் போகிறாய்?" என்று கேட்டோம். சற்று நேரம் பேச்சில்லை. "பார்க்கிறேன். எதுவானாலும் காலையில் உங்களிடம் சொல்கிறேன்" என்றாள்.

காலையில் சொன்னாள். என்ன சொன்னாள் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. அது அவளுடைய விரதம். சொன்னாள் என்பதே நமக்குப் போதும்.

அறம் வளர்க! கல்வி ஓங்குக!